சைன் போடறதுக்கு முன்னாடி: கட்டட டிசைன் கேள்வி பதில்

ஸ்ட்ரக்சுரல் டிசைன் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வீடு கட்டறவங்க பாதி, புதுசா தொழிலுக்கு வந்த இன்ஜினியர்ங்க பாதின்னு எழுதியிருக்காங்க. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேத்து பதில் சொல்லியிருக்கேன்.

கேள்வி: சார், சிவில் முடிச்சு ரெண்டு வருஷமா சென்னைல ஒரு கன்சல்டன்சில வேலை பாக்கறேன். ஜி+2 வீடு (தரைத்தளமும் மேல ரெண்டு மாடியும்) ஒண்ணு ஈடாப்ஸ்ங்கற டிசைன் சாப்ட்வேர்ல ரன் பண்ணேன், 9க்கு 12 இன்ச் காலம் (தூண்) எல்லாமே பாஸ் ஆகுது. சீனியர் பாத்துட்டு "இது பத்தாது, கையில போட்டு பாத்துட்டு வா"ன்னு திருப்பி குடுத்துட்டார். சாப்ட்வேரே பாஸ்னு சொன்ன பிறகு கையில என்ன பாக்கறது?
– வாசகர், தாம்பரம்

பதில்: உங்க சீனியர் நல்ல சீனியர், விட்டுடாதீங்க. அவர் கேக்கறது ரெண்டு மணி நேர வேலை இல்ல தம்பி, ஒரு ஏ4 பேப்பர்ல பத்து நிமிஷத்துல முடியும். உங்க பிளான்ல நடுவுல நிக்கிற ஒரு காலத்தை எடுத்துக்கோங்க. சுத்தி நாலு மீட்டருக்கு நாலு மீட்டர்னு வெச்சா அந்த காலம் தாங்குற ஏரியா 16 சதுர மீட்டர். வீட்டுக்கு சிலாப் வெயிட், ஃப்ளோர் ஃபினிஷ், பீம், செங்கல் சுவர், ஆள் நடமாட்டம் எல்லாம் சேத்து சதுர மீட்டருக்கு தோராயமா 1.2 டன்னு எடுத்தா ஒரு மாடிக்கு 19 டன் சொச்சம், மூணு சிலாப்புக்கு 58 டன் கிட்ட வருது. இதை பாதுகாப்புக்கான ஃபேக்டர் 1.5ஆல பெருக்குங்க, 86 டன். மொட்டைமாடிக்கு சுவர் லோடு கம்மி, அதனால கொஞ்சம் குறையும், ஆனா முதல் கணக்குக்கு இது போதும்.

இப்ப காலம் எவ்வளவு தாங்கும்னு பாருங்க. 230க்கு 300 மிமீ சைஸ், எம்20 கான்கிரீட் (20ங்கறது அதோட பலம்), காலம் பரப்புல ஒரு பர்சென்ட் கம்பி. கான்கிரீட்டுக்கான இந்திய விதி நூல் (கோடு) ஐ.எஸ். 456ல இருக்கற ஆக்சியல் ஃபார்முலாவுல, அதாவது நேரா கீழ அழுத்தற லோடுக்கான ஃபார்முலாவுல, போட்டா 78 டன் தான் வருது. அதாவது மொமென்ட் (வளைக்கற விசை) எதுவுமே இல்லாம, காலம் நூல் புடிச்ச மாதிரி நேரா நின்னாலே பத்தல. அந்த ஃபார்முலாவையும் இங்க போட முடியாது, ஏன்னா எக்சென்ட்ரிசிட்டி (லோடு காலத்தோட மையத்தை விட்டு விலகற தூரம்) குறைஞ்சது 20 மிமீ எடுக்கணும்னு கோடு சொல்லுது, அந்த ஃபார்முலாவுக்கு லிமிட் காலம் அகலத்துல 5 பர்சென்ட், 230ல அது 11.5 மிமீ தான், 20 அதை தாண்டிடுது, மொமென்ட்டோட சேத்து தான் பாக்கணும், அப்ப 78லயும் குறையும்.

அப்புறம் எப்படி சாப்ட்வேர் பாஸ் சொல்லிச்சு? ரெண்டு காரணம் தான் வழக்கமா இருக்கும். ஒண்ணு, சுவர் லோடு குடுக்க மறந்திருப்பீங்க. 9 இன்ச் சுவர் மூணு மீட்டர் உயரத்துக்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு 1.4 டன் கிட்ட வரும், அதை விட்டா பாதி வீட்டை விட்ட மாதிரி. இதை கண்டுபிடிக்க பேஸ் ரியாக்‌ஷன் டோட்டலை, அதாவது அஸ்திவாரத்துக்கு இறங்கற மொத்த லோடை, எடுத்து கையில போட்ட மொத்த வெயிட்டோட ஒப்பிட்டு பாருங்க, அஞ்சு பர்சென்ட்டுக்கு மேல வித்தியாசம் வந்தா காரணம் தெரியற வரைக்கும் அடுத்த ஸ்டெப்புக்கு போகாதீங்க. இன்னொண்ணு, அது கம்பியை 3 பர்சென்ட்டுக்கு ஏத்தி பாஸ் பண்ணியிருக்கும். டிசைன் ரிப்போர்ட்ல பச்சை கலர் தெரியும், நமக்கு சந்தோஷம், ஆனா 230க்கு 300ல 3 பர்சென்ட்னா 20 மிமீ கம்பி ஏழு. லேப் போடற இடத்துல, அதாவது கம்பியை நீட்ட பக்கத்துல இன்னொரு கம்பியை சேத்து கட்டற இடத்துல, அது ரெண்டு மடங்கு, பதினாலு கம்பி, ரெண்டு பக்கமும் 40 மிமீ கவர், சுத்தி கட்டற ரிங் கம்பி வேற. 20 மிமீ ஜல்லி எங்க இறங்கும் சொல்லுங்க? இறங்காது, சென்ட்ரிங் பிரிச்சா கம்பி பல்லு காட்டிட்டு நிக்கும், அதை மேஸ்திரி சிமெண்ட் பால் அடிச்சு மறைச்சுடுவார். லேப் வர்ற இடத்துல 4 பர்சென்ட்டை தாண்ட வேணாம்னு கோடு சொல்றது இதுக்குத்தான்.

அதோட 2016 ஐ.எஸ். 1893 நிலநடுக்க மேப்ல சென்னை ஜோன் 3. ஜோன் 3லயும் அதுக்கு மேலயும் நிலநடுக்கம் தாங்கற டிசைனுக்கான ஐ.எஸ். 13920 கட்டாயம், அதுல காலத்தோட சின்ன பக்கம் 300 மிமீக்கு குறையக் கூடாது. அதனால 9 இன்ச் காலம்ங்கற பேச்சே அங்க முடிஞ்சுடுது. சுவருக்குள்ள காலம் ஒளியணும், மூலை துருத்திட்டு இருக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரங்க கேப்பாங்க, அது புரியுது, ஆனா அந்த மூலையை அலமாரி வெச்சு மறைக்கலாம். 300க்கு 300, எம்25, ஒரு பர்சென்ட் கம்பின்னு போடுங்க, ஆக்சியல்ல 119 டன் வரும், 86 போக மீதி மொமென்ட்டுக்கு இருக்கு, கம்பியும் கான்கிரீட் இறங்கற அளவுல நிக்கும். இதை எடுத்துட்டு போய் சீனியர் கிட்ட காட்டுங்க.

கேள்வி: ஐயா, கோவில்பட்டி பக்கம் வீடு கட்டறோம், சுத்துவட்டாரம் பூரா கரிசல் மண்ணு. இன்ஜினியர் சாயில் டெஸ்ட் எடுக்கணும்கறார், மேஸ்திரி "பக்கத்து வீட்டுல அஞ்சடி தோண்டி போட்டாங்க, நாமளும் அதையே போட்டுக்குவோம், எதுக்கு வீண் செலவு"ங்கறார். யார் சொல்றதை கேக்க?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: இன்ஜினியர் சொல்றதை கேளுங்கம்மா. கரிசல் மண்ணு மழை காலத்துல தண்ணி குடிச்சு உப்பும், கோடையில சுருங்கி கை நுழையற அளவுக்கு வெடிக்கும், நீங்களே வருஷா வருஷம் பாக்கறது தான். அஞ்சடி ஆழத்துல இருக்கற மண்ணும் இந்த உப்பல் சுருங்கலுக்கு தப்பாது. ஃபுட்டிங் மேல வீடு வெயிட்டா அழுத்தற இடத்துல மண்ணு அடங்கி கிடக்கும், லேசான இடத்துல, அதாவது போர்ட்டிகோ, படிக்கட்டு, காம்பவுண்ட் சுவர் இருக்கற பக்கம், மண்ணு மேல தூக்கும். வீடு ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் நிக்கும்போது தான் ஜன்னல் மூலையில இருந்து குறுக்கால விரிசல் போகும். அதை எத்தனை தடவை பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சாலும் அடுத்த ஐப்பசிக்கு திரும்ப வரும்.

இந்த மண்ணுக்குன்னே நம்ம நாட்டுல ரூர்க்கில இருக்கற மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி பரப்புன முறை அண்டர்ரீம் பைல். ஆகர்ங்கற துளை போடற கருவி வெச்சு குழி தோண்டி, அடியில குழியை குமிழ் மாதிரி அகலப்படுத்தி, கம்பி இறக்கி கான்கிரீட் போடறது. குமிழ் பைல் தண்டோட ரெண்டரை மடங்கு அகலம் இருக்கும், மண்ணு ஈரம் மாறாத ஆழத்துல போய் உக்காரும், பொதுவா 3.5 மீட்டர் கிட்ட போறாங்க. மேல மண்ணு ஏறி இறங்கினாலும் குமிழ் அசையாது. பைலுக்கு மேல வர்ற பிளிந்த் பீமை (தரைமட்ட பீம்) நேரா மண்ணு மேல வெக்காம அடியில இடைவெளி விட சொல்லுங்க, இதை பல பேர் மறந்துடறாங்க, பைல் போட்ட காசெல்லாம் அங்க தான் வீணாகுது, மண்ணு உப்பி பீமையே தூக்கிடும்.

பக்கத்து வீட்டை பாத்து போடறதுல என்ன தப்புன்னா, பக்கத்து மனையில ரெண்டு மீட்டர்ல பாறையோ சுக்கான்கல்லோ வந்திருக்கலாம், உங்க மனையில பழைய குட்டையை மூடியிருக்கலாம். சாயில் டெஸ்ட்ல 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்துல இருந்து விட்டு, டியூப் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி வேணும்னு எண்ணுவாங்க. அந்த எண்ணிக்கையோட, மண்ணு எவ்வளவு உப்பும்ங்கற ஃப்ரீ ஸ்வெல் டெஸ்ட்டையும் சேத்து கேளுங்க, கரிசலுக்கு அது தான் முக்கியம். ரிப்போர்ட் குடுக்கறவங்க போர் போடற அன்னிக்கு நீங்களோ உங்க இன்ஜினியரோ கூட நில்லுங்க. உக்காந்த இடத்துலயே ரிப்போர்ட் டைப் பண்றவங்களும் இருக்காங்க.

கேள்வி: நாலடி பால்கனி போட்டோம், சென்ட்ரிங் பிரிச்ச அன்னிக்கே முனை ரெண்டு இன்ச் தொங்கிடுச்சு, சுவர் ஓரத்துல மேல் பக்கம் விரிசல். கம்பி டிராயிங்ல இருக்கற அளவு தான் போட்டாங்க, நானே எண்ணி பாத்தேன். என்ன ஆயிருக்கும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முதல்ல அந்த பால்கனிக்கு அடியில உடனே முட்டு குடுங்க, மேல யாரையும் ஏத்தாதீங்க, கைப்பிடிச் சுவர் கட்டவே கட்டாதீங்க. இதை முடிச்சுட்டு மீதியை படிங்க.

நீங்க எண்ணுன கம்பி சரியா இருக்கும், அது இருக்கற இடம் தான் தப்பா இருக்கும்னு நினைக்கறேன். பால்கனியில இழுவை மேல் பக்கம் வரும், அதனால மெயின் கம்பி சிலாப்போட மேல் முகத்துல இருக்கணும். அஞ்சு இன்ச் சிலாப்புல கம்பி அடியில இருந்து 100 மிமீ உயரத்துல இருக்கணும்னு டிசைன் பண்ணியிருப்பாங்க. கம்பி கட்டறவரும் சரியா தான் கட்டியிருப்பார். கான்கிரீட் அன்னிக்கு என்ன ஆகுதுன்னா, பாண்டு தூக்கிட்டு வர்றவங்க அந்த கம்பி மேல தான் நடக்கறாங்க, வேற வழி கிடையாது, அடியில அதை தாங்கற சேர் கம்பி வெச்சிருக்க மாட்டாங்க, இல்ல நாலடிக்கு ஒண்ணுன்னு வெச்சிருப்பாங்க. பத்து மணிக்கு மேல இருந்த கம்பி பதினொரு மணிக்கு 40 மிமீ கீழ போயிருக்கும். 100 மிமீ இருக்க வேண்டியது 60 மிமீ ஆனா பலம் 40 பர்சென்ட் போச்சு. கம்பி ஒண்ணு கூட குறையல, எண்ணி பாத்தா எல்லாம் இருக்கு, பலம் மட்டும் இல்ல.

கைப்பிடிச் சுவர் வேணாம்னு ஏன் சொன்னேன்னா, நாலடி பால்கனியில சிலாப் வெயிட், டைல்ஸ், ஆள் எல்லாம் சேந்து சுவர் ஓரத்துல குடுக்கற மொமென்ட் ஒரு மீட்டர் அகலத்துக்கு 510 கிலோகிராம்-மீட்டர் கிட்ட. முனையில ஒரு மீட்டர் உயரத்துக்கு நாலரை இன்ச் செங்கல் சுவர் கட்டினா அது மட்டும் 270 சேக்கும், பாதிக்கு மேல. டிசைன் பண்ணும்போது எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடின்னு சொல்லிட்டு சைட்ல செங்கல் கட்டறது தினமும் நடக்குது.

இப்ப செய்ய வேண்டியது, கவர் மீட்டர் வெச்சு கம்பி எந்த ஆழத்துல இருக்குன்னு ஸ்கேன் பண்ண சொல்லுங்க, அது பெரிய வேலை இல்ல. கம்பி இறங்கினது உறுதியாச்சுன்னா இடிச்சுட்டு திரும்ப போடறது தான் நல்லது, இல்லன்னா உங்க இன்ஜினியர் அடியில ஸ்டீல் பிராக்கெட் டிசைன் பண்ணி குடுக்கணும். மேல பூச்சு பூசி விரிசலை அடைக்கறது வைத்தியமே கிடையாது. அடுத்த சிலாப் போடும்போது சேர் கம்பி ரெண்டடிக்கு ஒண்ணு, நடக்கறதுக்கு தனி பலகை, வைப்ரேட்டர் அடிக்கறவருக்கு பின்னாடியே ஒருத்தர் கம்பியை தூக்கி விட்டுட்டே வரணும், அந்த ஒருத்தர் யாருன்னு காலையிலயே பேர் சொல்லி முடிவு பண்ணுங்க.

கேள்வி: கீழ ஃபுல்லா பார்க்கிங், மேல மூணு மாடி ஃபிளாட். பார்க்கிங்ல காலம் மட்டும் தான். இது ஆபத்துன்னு ஒருத்தர் சொல்றார், உண்மையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பார்க்கிங் ஆபத்து இல்ல, அதை மத்த மாடி மாதிரியே டிசைன் பண்றது தான் ஆபத்து. மேல மாடிகள்ல செங்கல் சுவர் நிறைஞ்சு விறைப்பா இருக்கு, கீழ ஒண்ணுமே இல்ல, பூமி ஆடினா மொத்த அசைவும் அந்த ஒரு மாடி காலத்துல தான் வந்து விழும். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்துல மையத்துல இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருந்த அகமதாபாத்ல விழுந்த மாடி கட்டடங்கள்ல நிறைய இந்த வகை தான். அதே 2016 மேப்ல கோவையும் ஜோன் 3ல தான் இருக்கு. கீழ் மாடியில ஷியர் வால் (பக்கவாட்டு ஆட்டத்தை தாங்கற கான்கிரீட் சுவர்) அல்லது பிரேசிங் (குறுக்கு சட்டம்) இருக்கான்னு உங்க டிசைனர் கிட்ட கேளுங்க, லிஃப்ட்டை சுத்தி கான்கிரீட் சுவர் ஒரு மூலையில மட்டும் இருந்தா கட்டடம் முறுக்கிக்கும், அதையும் கேளுங்க. ரிங் முனை 135 டிகிரி உள்ள மடங்கியிருக்கான்னு மொபைல்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, 90ல மடக்குனது குலுங்கும்போது பிரிஞ்சுடும்.

கேள்வி: சார், சொந்தமா ஆபீஸ் போட்டு ஒரு வருஷம் ஆகுது. ஒரு பில்டர் வந்து "டிசைன் எல்லாம் முடிஞ்சுது, அப்ரூவலுக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சைன் மட்டும் வேணும்"னு நல்ல தொகை சொல்றார். டிராயிங் பாத்தா தப்பா தெரியல. போடலாமா? வீட்டு வாடகை, ஆபீஸ் வாடகை எல்லாம் இருக்கு.
– வாசகர், திருச்சி

பதில்: போடாதீங்க தம்பி. வாடகை கஷ்டம் எனக்கு தெரியாம சொல்லல.

"தப்பா தெரியல"ங்கறதுக்கும் "நான் செக் பண்ணேன்"ங்கறதுக்கும் நடுவுல இருக்கற தூரம் ரொம்ப பெருசு. அந்த டிராயிங்குக்கு சாயில் ரிப்போர்ட் இருக்கா, எந்த லோடு எடுத்தாங்க, மேல எத்தனை மாடி வரப்போகுது, இதெல்லாம் டிராயிங் ஷீட்ல தெரியாது. 2014 ஜூன் 28 சாயங்காலம் மழையில சென்னை மவுலிவாக்கத்துல கட்டிட்டு இருந்த 11 மாடி கட்டடம் அப்படியே உக்காந்துச்சு, 61 பேர் போயிட்டாங்க, நிறைய பேர் ஊர் விட்டு வேலைக்கு வந்த கூலித் தொழிலாளிங்க. பக்கத்துல நின்ன இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர்ல வெடி வெச்சு தகர்த்தாங்க. ஒரு கட்டடம் விழுந்தா முதல்ல தேடறது ஃபைல்ல இருக்கற சைனை தான். கவனக்குறைவால உயிர் போனா பாரதிய நியாய சன்ஹிதா 106ல அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, முன்னாடி இருந்த 304ஏல ரெண்டு வருஷம் தான்.

அவர் கிட்ட வேற மாதிரி பேசுங்க. "சைன் மட்டும் போட மாட்டேன், செக் பண்ணி தர்றேன், அதுக்கு மாடல் ஃபைல், சாயில் ரிப்போர்ட், ஆர்க்கிடெக்ட் டிராயிங் வேணும், பத்து நாள் ஆகும், இவ்வளவு ஃபீஸ், ஃபவுண்டேஷன்லயும் ஒவ்வொரு சிலாப்லயும் கான்கிரீட்டுக்கு முன்னாடி நான் வந்து பாப்பேன்"னு ஈமெயில்ல அனுப்புங்க, வாயால மட்டும் சொல்லாதீங்க. நிஜமாவே வேலை நல்லா நடக்கணும்னு நினைக்கறவர் ஒத்துப்பார். அவர் போயிட்டார்னா போகட்டும். ஊர்ல சில பேர் சைனுக்குன்னே ஆபீஸ் வெச்சிருக்காங்க, அவங்களால தான் ஒழுங்கா டிசைன் பண்றவங்களுக்கு ஃபீஸ் கிடைக்காம போகுது, இதை சொல்லாம இருக்க முடியல.

கேள்வி: சைட்ல கான்ட்ராக்டர் ஃபோன் பண்ணி "16 மிமீ கிடைக்கல, 12 போட்டுக்கறேன், பீம்ல ஓட்டை போட்டு பைப் விட்டுக்கறேன்"னு கேக்கறாங்க. சின்ன விஷயம் தானேன்னு சரின்னு சொல்லிடறோம். இதுக்கு நடைமுறை என்ன?
– வாசகி, சேலம்

பதில்: சின்ன விஷயம்னு நினைச்சு சரின்னு சொன்னது எங்க போய் முடியும்னு பாக்கணும்னா அமெரிக்காவுல கான்சாஸ் சிட்டியில ஹயாத் ரீஜன்சி ஹோட்டல்ல நடந்ததை படிங்க. லாபியில ரெண்டாவது மாடி, நாலாவது மாடி நடைபாலம் ரெண்டும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா மேல்கூரையில இருந்து கம்பில தொங்குற மாதிரி டிசைன். ஒரே நீள கம்பி ரெண்டு பாலத்தையும் தாங்கணும். அவ்வளவு நீளத்துக்கு மரை போட்ட கம்பி சிரமம்னு ஃபேப்ரிகேட்டர் அதை ரெண்டு துண்டா மாத்தினாங்க, கீழ் பாலம் மேல் பாலத்தோட பீம்ல இருந்து தொங்கிச்சு. கம்பியோட பலம் அதே தான். ஆனா மேல் பாலத்து பீம்ல ஒரு நட்டு தன் பாலத்தை மட்டும் தாங்க வேண்டியது, இப்ப ரெண்டு பாலத்தையும் தாங்குது, லோடு டபுள். அந்த ஜாயிண்ட்டை யாருமே கணக்கு போட்டு பாக்கல, டிராயிங்ல சீல் விழுந்துடுச்சு. 1981 ஜூலை 17 சாயங்காலம் டான்ஸ் நிகழ்ச்சி நடந்துட்டு இருக்கும்போது விழுந்து 114 பேர் செத்தாங்க, டிசைன் பொறுப்புல இருந்த ரெண்டு இன்ஜினியர் லைசென்ஸ் போச்சு.

நம்ம ஊருக்கு வருவோம். ஃபோன்ல எதுக்கும் சரி சொல்லாதீங்க, "வாட்ஸ்அப்ல போட்டோவும் பீம் நம்பரும் அனுப்புங்க, சாயங்காலம் சொல்றேன்"னு சொல்லுங்க. ரெண்டு 16க்கு பதிலா 12 போடணும்னா ஏரியா கணக்கு, 402 சதுர மிமீக்கு நாலு 12 வேணும், அது 9 இன்ச் பீம்ல ஒரு வரிசையில நெருக்கமா வரும், பக்க இடைவெளி பாக்கணும். பைப் ஓட்டை பீம்ல எங்க வருதுங்கறது தான் விஷயம். காலம் ஓரத்துல ஷியர் (வெட்டற விசை) அதிகம், அங்க ஓட்டையே கூடாது, நடுவுல பீம் உயரத்தோட மையத்துல சின்ன ஸ்லீவ் (பைப் போக விடற குழாய்) பரவால்ல, அதையும் கான்கிரீட்டுக்கு முன்னாடி வெக்கணும், அப்புறம் உளி வெச்சு கொத்தினா ரிங்கை அறுத்துடுவாங்க. நீங்க ஓகே சொன்ன மாற்றத்தை டிராயிங்ல ரிவிஷன் போட்டு தேதியோட அனுப்பிடுங்க, சைட்ல பழைய ஷீட்டை கிழிச்சு போட சொல்லுங்க, ஒரே சுவத்துல ரெண்டு ரிவிஷன் ஒட்டியிருந்தா கம்பி கட்டறவர் கைக்கு கிட்ட இருக்கறதை தான் பாப்பார்.

கேள்வி: 1985ல அப்பா கட்டின வீடு, சுவர் மேலயே சிலாப், காலம் கிடையாது. மேல ஒரு மாடி எடுக்கலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: பாக்காம யாரும் ஆமா இல்லன்னு சொல்லக் கூடாது. ரெண்டு மூணு இடத்துல அஸ்திவாரத்தை தோண்டி அகலம் ஆழம் அளக்கணும், சுவர் கலவை சிமெண்ட்டா சுண்ணாம்பான்னு பாக்கணும். தூத்துக்குடின்னா கடல் காத்து, சிலாப் அடியில பொருபொருன்னு கொட்டுதா, கம்பி வரிசையில பழுப்பு கோடு தெரியுதான்னு முதல்ல பாருங்க. தெரிஞ்சா மாடி பேச்சை விட்டுட்டு இருக்கற சிலாப்பை காப்பாத்தற வழியை பாக்கணும். நல்லா இருந்தாலும் பழைய சுவர் மேல ஏத்தாம வெளிப்பக்கம் தனி ஃபுட்டிங், தனி காலம் போட்டு மேல் மாடியை நிறுத்தறது பல வீட்டுக்கு ஒத்து வரும். மேல தண்ணி டேங்க் 2000 லிட்டர்னா அதுவே ரெண்டு டன், அதை எங்க வெக்கறீங்கன்னும் சேத்து சொல்லிடுங்க. புதுசா போடற கான்கிரீட் கடல் ஓரத்துக்கு எம்30க்கு குறையக் கூடாது, கவர் 45 மிமீ.

கேள்வி: ரூஃப் போட்டு ஏழு நாள்ல சென்ட்ரிங் பிரிக்கலாம்னு சொல்றாங்க, வாடகை ஏறுது. சரியா?
– வாசகர், நாமக்கல்

பதில்: சிலாப் ஸ்பான், அதாவது ரெண்டு தாங்கலுக்கு நடுவுல இருக்கற தூரம், 4.5 மீட்டருக்குள்ள இருந்தா முட்டுகளை ஏழு நாள்ல எடுக்கலாம்னு ஐ.எஸ். 456 சொல்லுது, அதுக்கு மேலன்னா 14 நாள். பீமுக்கு ஆறு மீட்டர் வரைக்கும் 14, தாண்டினா 21. அது ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லாண்ட்) சிமெண்ட்டுக்கு சொன்ன கணக்கு, இப்ப கடையில கிடைக்கறது பெரும்பாலும் பி.பி.சி. (போசோலானா கலந்த சிமெண்ட்), அது மெதுவா தான் பலம் ஏறும், அதனால இன்னும் கொஞ்ச நாள் விடணும், எத்தனை நாள்னு ஏழாம் நாள் கியூப் டெஸ்ட் (கான்கிரீட் கட்டியை நசுக்கி பலம் பாக்கறது) ரிசல்ட்டை பாத்துட்டு இன்ஜினியர் சொல்லட்டும். பாத்தி கட்டி தண்ணி நிறுத்தறதும் பி.பி.சி.க்கு குறைஞ்சது பத்து நாள். மேல அடுத்த மாடி சிலாப் போடப் போறீங்கன்னா அந்த ஈர கான்கிரீட் வெயிட்டும் கீழ் சிலாப் மேல தான் இறங்கும், அது வரைக்கும் கீழ நடு முட்டுகளை எடுக்காதீங்க. பால்கனி இருந்தா முனையில இருந்து ஆரம்பிச்சு சுவர் பக்கமா பிரிச்சுட்டு வரணும், மேல கைப்பிடி பக்கம் செங்கல் அடுக்கி வெச்சிருந்தா அதை முதல்ல இறக்கிடுங்க.